மானின் பேரன் ஆஸ்கர்!

பெயர் சொல்லும் கதை - வாராந்திரத் தொடர்

ஒவ்வொரு வருடமும் ஒரு திங்கட்கிழமை காலையில், பல் தேய்ப்பதற்கு முன்பே போனைத் திறந்து ‘ஆஸ்கர் யாருக்கு?’ என்று பார்க்கிற பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. 2009-ல் ஏ.ஆர்.ரஹ்மான் ஒரே மேடையில் இரண்டு ஆஸ்கர்களை வாங்கிக்கொண்டு, “எல்லாப் புகழும் இறைவனுக்கே” என்று தமிழில் சொன்னபோது இந்தப் பெயர் நம் வீட்டுப் பெயராகவே ஆகிவிட்டது. 2023-ல் முதுமலை யானைக்குட்டி ரகுவையும், அதை வளர்த்த பொம்மன் - பெள்ளி தம்பதியையும் பற்றிய ‘தி எலிஃபன்ட் விஸ்பரர்ஸ்’ குறும் ஆவணப்படம் விருது வாங்கியபோது இன்னும் நெருக்கமாகிவிட்டது.

சரி, யார் இந்த ஆஸ்கர்? விருதை ஏற்படுத்திய தயாரிப்பாளரா? சிலையைச் செய்த சிற்பியா? இரண்டும் இல்லை. முதல் ஆஸ்கர் சினிமா பார்த்தவனே இல்லை. அவன் அயர்லாந்து நாட்டுப் பழங்கதைகளில் வரும் ஒரு வாள்வீரன். அவனுடைய பாட்டி, ஒரு மான்!

பாட்டி மானான கதை

அயர்லாந்தில் ஃபின் மெக்கூல் என்ற வீரனைத் தெரியாத குழந்தை கிடையாது. காட்டில் வாழ்ந்து, வேட்டையாடி, நாட்டையும் காவல் காத்த ‘ஃபியனா’ என்ற வீரர் கூட்டத்துக்கு அவன்தான் தலைவன்.

ஒருநாள் வேட்டையில் ஒரு பெண் மானைத் துரத்துகிறார்கள். ஃபின்னின் வேட்டை நாய்கள் அதைப் பிடித்தும் கடிக்கவில்லை. சுற்றிச் சுற்றி வந்து விளையாடுகின்றன. மான் அவர்களோடு கோட்டைக்கே வந்துவிடுகிறது. அன்று இரவு அது அழகான பெண்ணாக மாறி நிற்கிறது. பெயர் ஸைவ். ஒரு மந்திரவாதியின் ஆசைக்கு இணங்காததால் மானாகச் சபிக்கப்பட்டவள். ஃபின்னின் கோட்டைக்குள் இருக்கும்வரை சாபம் அவளைத் தீண்டாது.

இருவரும் மணந்துகொள்கிறார்கள். ஃபின் போருக்குப் போன சமயத்தில் மந்திரவாதி, ஃபின்னைப் போலவே ஓர் உருவத்தைக் காட்டி அவளை வெளியே வரவழைக்கிறான். வாசலைத் தாண்டியதும் மறுபடி மானாகிவிடுகிறாள். மாரீசனின் பொன்மான் ஞாபகம் வருகிறதா? அங்கே மான் வந்ததால் மனைவி போனாள். இங்கே மனைவியே மானாகிப் போனாள்.

ஏழு வருடம் தேடுகிறான் ஃபின். கடைசியில் ஸ்லைகோ பகுதியில், பென் புல்பென் என்ற மலைச்சரிவில் ஒரு சிறுவன் தனியாக நிற்கிறான். தன்னை ஒரு மான் வளர்த்தது என்கிறான். அந்தக் கண்களில் மனைவியின் முகத்தைப் பார்த்த ஃபின், பையனைத் தூக்கிக்கொண்டு வந்து ‘ஓஷீன்’ என்று பெயர் வைக்கிறான். ஐரிஷ் மொழியில் ‘மான்குட்டி’ என்று அர்த்தம்.

அந்த ஓஷீன் வளர்ந்து கவிஞனாகவும் வீரனாகவும் ஆகிறான். அவனுடைய மகன்தான் ஆஸ்கர். ஐரிஷில் ‘ஓஸ்’ என்றால் மான், ‘காரா’ என்றால் நண்பன். இரண்டும் சேர்ந்து ‘மானின் நண்பன்’ என்பதுதான் இந்தப் பெயருக்குப் பரவலாகச் சொல்லப்படும் பொருள். வடக்கிலிருந்து கடல் வழியாக வந்த வைக்கிங்குகளின் மொழியில் ‘தெய்வத்தின் ஈட்டி’ என்று பொருள்படும் ஒரு பெயரும் இதே ஓசையில் உண்டு. அதிலிருந்து வந்திருக்கலாம் என்பவர்களும் இருக்கிறார்கள். கதையைக் கேட்டவர்களின் மனசு என்னவோ மான் பக்கம்தான்.

தாத்தா அழுத நாள்

ஃபியனா வீரர்களிலேயே பலசாலி ஆஸ்கர். அவர்களின் செல்வாக்கும் கேட்கிற கப்பமும் அதிகமாகிக்கொண்டே போக, ‘இவர்களை ஒழித்தால்தான் நிம்மதி’ என்று முடிவெடுக்கிறான் தாரா நகரத்து அரசன் கார்ப்ரி. காவ்ரா என்ற இடத்தில் பெரும் போர். ஆஸ்கரும் அரசனும் நேருக்கு நேர் மோதி ஒருவரை ஒருவர் வீழ்த்துகிறார்கள். ஃபியனாவின் கதை அந்தப் போரோடு முடிந்துவிடுகிறது.

செத்துக்கொண்டிருக்கும் பேரனின் பக்கத்தில் வந்து நிற்கிறான் கிழட்டு ஃபின். அவன் வாழ்நாளில் அழுதது இரண்டே முறை என்று சொல்கிறது பழைய வழக்கு. ஒன்று, தன் வேட்டை நாய் பிரான் செத்தபோது. இன்னொன்று, ஆஸ்கருக்காக.

நம் மொழியில் ‘பேரன்’ என்ற சொல் ‘பெயரன்’ என்பதிலிருந்து வந்தது. தாத்தாவின் பெயரைத் தாங்குகிறவன் என்று பொருள். தாத்தா போனாலும் பெயர் போகாது என்ற நம்பிக்கை அந்த ஒரு சொல்லுக்குள் இருக்கிறது. ஆஸ்கரின் கதையில் நேர்மாறு: பேரன் போய்விட்டான், தாத்தா நிற்கிறார். அப்படி அறுந்துபோயிருக்க வேண்டிய பெயர் எப்படி நம் போன் வரை வந்தது?

மெக்ஃபர்சன் செய்த மாயம்

ஃபின், ஓஷீன், ஆஸ்கர் கதைகளை அயர்லாந்தில் மட்டுமல்ல, கடலுக்கு அந்தப் பக்கம் ஸ்காட்லாந்து மலைப்பகுதியிலும் பாடிக்கொண்டிருந்தார்கள். இரண்டு இடத்திலும் நெருங்கிய உறவுள்ள மொழி. அங்கே ஜேம்ஸ் மெக்ஃபர்சன் என்ற இளைஞர் 1760-லிருந்து வரிசையாகப் புத்தகங்கள் வெளியிட்டார். ‘ஓசியன் என்ற பண்டைக் கவிஞர் பாடியவை, நான் கண்டெடுத்து ஆங்கிலத்தில் தருகிறேன்’ என்றார். ஓசியன் வேறு யாருமில்லை, நம் ஓஷீன்தான்.

ஐரோப்பாவே சொக்கிப்போனது. ஜெர்மனியில் இளம் கவிஞர் கதே தன் புகழ்பெற்ற வெர்தர் நாவலுக்குள்ளேயே ஓசியன் வரிகளை மொழிபெயர்த்துச் சேர்த்தார். லண்டனில் அகராதி மேதை சாமுவேல் ஜான்சன் மட்டும் ‘இது மோசடி’ என்றார். மூலச் சுவடி எங்கே என்று கேட்டதற்கு மெக்ஃபர்சனிடமிருந்து திருப்தியான பதில் வரவே இல்லை. ‘எங்கள் வீரர்களை ஸ்காட்லாந்துக்காரர்களாக மாற்றிவிட்டாரே’ என்று ஐரிஷ் அறிஞர்கள் கொதித்தார்கள். அவர் இறந்து சில வருடம் கழித்து, 1805-ல் ஸ்காட்லாந்தில் ஒரு குழு விசாரித்து அறிக்கை கொடுத்தது. ‘பழைய பாடல்களின் துண்டுகள் இருந்தது உண்மை, ஆனால் அவர் வெளியிட்டது போன்ற முழுக் காவியம் எங்கும் கிடைக்கவில்லை’ என்பது சாரம்.

அதற்குள் காரியம் நடந்து முடிந்திருந்தது. அரைப்பொய்யான ஒரு புத்தகம், அயர்லாந்தின் நிஜமான ஒரு பெயரை ஐரோப்பா முழுக்கக் கொண்டுபோய்விட்டது.

நெப்போலியன் விரும்பிய பெயர்

ஓசியன் பைத்தியம் பிடித்தவர்களில் முக்கியமானவர் நெப்போலியன். இத்தாலிய மொழிபெயர்ப்பைப் போர்க்களத்துக்கும் எடுத்துப்போவார். அவருக்கு ஒரு காலத்தில் நிச்சயமாகியிருந்த பெண் டெசிரே கிளாரி. அந்தக் கல்யாணம் நடக்கவில்லை. டெசிரே பிறகு பெர்னடாட் என்ற தளபதியை மணந்தார். 1799 ஜூலை 4-ம் தேதி அவர்களுக்கு ஒரு மகன் பிறந்தான்.  நெப்போலியன் விருப்பப்படியே குழந்தைக்கு வைத்த பெயர்களில் ஒன்று, ஆஸ்கர்.

பிறகு நடந்ததைச் சினிமாவில் வைத்தால் ‘லாஜிக் இல்லை’ என்போம். ஸ்வீடன் அரசருக்கு வாரிசு இல்லை. 1810-ல் அந்த நாட்டு நாடாளுமன்றம், இந்தப் பிரெஞ்சுத் தளபதியைப் பட்டத்து இளவரசராகத் தேர்ந்தெடுத்தது! 1818-ல் அவர் அரசரானார். 1844-ல் மகன் முதலாம் ஆஸ்கர் என்ற பெயரில் ஸ்வீடனுக்கும் நார்வேக்கும் அரசரானார். அவர் மகன் இரண்டாம் ஆஸ்கர் 1907 வரை ஸ்வீடனை ஆண்டார்.

அரசன் பெயரைக் குடிமக்கள் பிள்ளைகளுக்கு வைப்பது எல்லா ஊர் வழக்கம்தானே! வடக்கு ஐரோப்பாவில் ஆஸ்கர்கள் பெருகினார்கள். ஸ்வீடனில் ‘ஆஸ்கர்ஸ்ஹாம்ன்’ என்று ஒரு துறைமுக ஊர், நார்வேயில் ‘ஆஸ்கர்ஸ்போர்க்’ என்று ஒரு கடற்கோட்டை. 1940 ஏப்ரல் 9-ம் தேதி நார்வேயைப் பிடிக்க வந்த ஹிட்லரின் ‘ப்ளூஷர்’ போர்க்கப்பலை மூழ்கடித்தது அந்தக் கோட்டைதான்.

டப்ளினில் ஓர் அம்மா

இப்போது பெயர் பிறந்த மண்ணுக்கே திரும்புவோம். 1845-ல் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிரை நோய் தாக்கியது. தொடர்ந்து வந்த பஞ்சத்தில் சுமார் 10 லட்சம் பேர் செத்தார்கள். ஏறக்குறைய அதே அளவு மக்கள் கப்பலேறினார்கள். அதிகம் பாதிக்கப்பட்டவர்கள் ஐரிஷ் மொழி பேசிய ஏழைகள். 1851 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, அந்த மொழி தெரிந்தவர்கள் நாட்டில் நான்கில் ஒருவர்கூட முழுசாக இல்லை.

அந்தக் கணக்கெடுப்பில் பஞ்ச மரணங்களின் புள்ளிவிவரங்களைத் தொகுத்தவர், டப்ளினின் பிரபல கண், காது மருத்துவர் வில்லியம் வைல்டு. கிராமத்து நோயாளிகள் சொல்லும் பழங்கதைகளையும் எழுதிச் சேர்த்துவைத்தவர். அவர் மனைவி ஜேன், ‘ஸ்பெரான்சா’ என்ற புனைபெயரில் ஆங்கிலேய ஆட்சிக்கு எதிராக அனல் பறக்கும் கவிதைகள் எழுதியவர். 1854 அக்டோபர் 16-ம் தேதி இவர்களுக்கு இரண்டாவது மகன் பிறந்தான். வைத்த பெயர்: ஆஸ்கர் ஃபிங்கல் ஓஃப்ளாஹர்ட்டி வில்ஸ் வைல்டு.

ஃபிங்கல் என்பது மெக்ஃபர்சன் புத்தகத்தில் ஃபின்னுக்கு இருந்த பெயர். அதாவது, பேரன் பெயரையும் தாத்தா பெயரையும் சேர்த்தே வைத்துவிட்டார்கள். ‘கம்பீரமாக, பனிமூட்டத்துக்குள்ளிருந்து வருவது போல் இல்லையா?’ என்ற அர்த்தத்தில் நண்பருக்குக் கடிதம் எழுதினார் அம்மா. இதில் வேடிக்கையும் இருக்கிறது, வலியும் இருக்கிறது. ஐரிஷ் கதைநாயகனின் பெயரை ஓர் ஐரிஷ் தாய், ஸ்காட்லாந்துக்காரர் ஆங்கிலத்தில் எழுதிய புத்தகத்தின் வாசனையோடு எடுத்து வைக்கிறார். மொழி கையைவிட்டுப் போய்க்கொண்டிருக்கும் நாட்டில், பிள்ளையின் பெயரிலாவது ஊர் இருக்கட்டும் என்ற ஆசை.

அழிக்கப்பட்ட பெயர்

பையன் பெரிய எழுத்தாளரானார். ஊரெல்லாம் அவர் பெயர். 1895 பிப்ரவரி 14-ம் தேதி லண்டனில் அவருடைய ‘தி இம்பார்ட்டன்ஸ் ஆஃப் பீயிங் எர்னஸ்ட்’ நாடகம் அரங்கேறியது. ‘எர்னஸ்ட் என்று பெயருள்ளவனைத்தான் கல்யாணம் செய்துகொள்வேன்’ என்று இரண்டு பெண்கள் அடம்பிடிப்பதுதான் கதை. ஒரு பெயருக்காக ஆட்கள் படும் பாட்டைப் பார்த்து அரங்கமே சிரித்தது.

மூன்றே மாதத்தில் நிலைமை தலைகீழ். தன்பால் உறவு அன்றைய பிரிட்டிஷ் சட்டப்படி குற்றம். அதற்காக வைல்டுக்கு மே 25-ம் தேதி இரண்டு வருடக் கடுங்காவல் தண்டனை விதிக்கப்பட்டது. அதற்கு முன்பே, வழக்கு நடக்கும்போதே, நாடகத்தின் விளம்பரங்களிலிருந்து ஆசிரியர் பெயரை எடுத்துவிட்டார்கள். நாடகம் வேண்டும், பெயர் வேண்டாம்! அவர் படித்த பள்ளியில், பரிசு வாங்கிய மாணவர்களின் பெயர்ப் பலகையில் அவர் பெயர்மீது சாயம் பூசி மறைத்தார்கள்.

ரெடிங் சிறையில் அவர் பெயர் சி.3.3. கட்டடம், தளம், அறை எண். அவ்வளவுதான். விடுதலையான பிறகு அந்தச் சிறையைப் பற்றி எழுதிய நீண்ட கவிதை 1898-ல் வெளிவந்தபோது, ஆசிரியர் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் அச்சானதும் ‘சி.3.3.’தான். அவர் செபாஸ்டியன் மெல்மாத் என்று வேறு பெயர் வைத்துக்கொண்டு பிரான்ஸில் வாழ்ந்தார். 1900 நவம்பர் 30-ம் தேதி பாரிஸில் இறந்தார். வயது 46.

அவருக்கு இரண்டு பிள்ளைகள்: சிரில், விவியன். தண்டனை விதிக்கப்பட்டபோது ஒன்பது வயதும் எட்டு வயதும். அம்மா கான்ஸ்டன்ஸ் அவர்களை ஐரோப்பாவுக்கு அழைத்துப்போய், குடும்பப் பெயரை ‘ஹாலண்ட்’ என்று மாற்றினார். அப்பாவின் பெயரை எங்கும் சொல்லக்கூடாது. ஒருமுறை புதுப்பள்ளியில் விளையாட்டு உடையை எடுத்துப் பார்த்தால், துணியில் தைத்திருந்த நாடாவில் பழைய பெயரே இருக்கிறது. அண்ணன் சிரில் பேனாக்கத்தியால் அந்த நாடாவை அவசரமாக வெட்டி எடுத்ததைப் பல வருடம் கழித்து விவியன் எழுதினார். அப்பாவைப் பிள்ளைகள் அதன்பிறகு பார்க்கவே இல்லை. சிரில் 1915-ல் முதல் உலகப்போரில் கொல்லப்பட்டார். விவியன், தன் வாழ்க்கைக் கதையை 1954-ல் புத்தகமாக வெளியிட்டார். தலைப்பு, ‘ஆஸ்கர் வைல்டின் மகன்’. சுமார் 60 வருடம் வாய்க்குள்ளேயே வைத்திருந்த பெயரை அட்டையில் போட்டுவிட்டார்.

விவியனின் மகன் மெர்லின் ஹாலண்ட், தாத்தாவின் கடிதங்களை முழுத் தொகுப்பாகப் பதிப்பித்தவர்களில் ஒருவர். ஆனால் அவர் கையெழுத்துப் போடுவது இன்றும் ‘ஹாலண்ட்’ என்றுதான். பேரன் இருக்கிறார், பெயரன் இல்லை.

பள்ளிப் பலகையில் சாயத்தைச் சுரண்டி, தங்க எழுத்தில் அந்தப் பெயரைத் திரும்ப எழுதினார்கள். 1997-ல் டப்ளினில் அவர் வளர்ந்த வீட்டுக்கு எதிரே, பூங்காவில் சிலை வைத்தார்கள். ஒரு பாறைமீது ஒய்யாரமாகச் சாய்ந்திருக்கிறார். ஊர் பெயரைத் திருப்பிக் கொடுத்துவிட்டது. குழந்தைகள் நாடாவோடு வெட்டி எறிந்ததை யாராலும் திருப்பித் தைக்க முடியவில்லை.

சிலைக்குப் பெயர் வைத்தது யார்?

அமெரிக்கத் திரைப்பட அகாடமி 1929-ல் முதல் விருது விழாவை நடத்தியபோது அந்தச் சிலைக்குச் செல்லப்பெயர் எதுவும் இல்லை. அகாடமியின் நூலகராக இருந்த மார்கரெட் ஹெரிக் சிலையைப் பார்த்து, ‘அட, எங்கள் ஆஸ்கர் மாமா மாதிரியே இருக்கிறதே!’ என்றார் என்பது ஒரு கதை. ‘பின்பக்கம் பார்த்தால் என் கணவர் மாதிரி இருந்தது, அவர் பெயரில் ஆஸ்கர் உண்டு’ என்று நடிகை பெட்டி டேவிஸ் சொன்னது இன்னொரு கதை. பத்திரிகையாளர் சிட்னி ஸ்கோல்ஸ்கி 1934-ல் தன் பத்தியில் இந்தப் பெயரை எழுதினார். 1939-ல் அகாடமியே அதிகாரபூர்வமாக ஏற்றுக்கொண்டது.

மாமாவோ, கணவரோ... யாராக இருந்தாலும் சரி, அடுத்த முறை சிலையை நன்றாகப் பாருங்கள். ஓர் அடிக்குச் சற்று அதிகமான உயரம். பிலிம் சுருளின்மேல், இரண்டு கைகளாலும் வாளைப் பிடித்தபடி ஒரு வீரன் நிற்கிறான். சிலை செய்தபோது யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். ஆனால் ஃபியனா கூட்டத்தின் வாள்வீரனுக்கு இதைவிடப் பொருத்தமான சிலையை அயர்லாந்துக்காரர்களே செய்திருக்க முடியாது.

வாள் இல்லாத இரண்டு பேர்

புகழ்பெற்ற ஆஸ்கர்கள் நிறைய. இரண்டு பேரைச் சொல்லாமல் முடிக்க மனசு வரவில்லை.

ஒருவர் ஆஸ்கர் ஷிண்ட்லர். தன் தொழிற்சாலையில் வேலைக்கு வேண்டும் என்று சொல்லிச் சொல்லியே, சுமார் 1,200 யூதர்களை நாஜிகளின் கையிலிருந்து காப்பாற்றிய ஜெர்மானியர். அவரைப் பற்றிய ‘ஷிண்ட்லர்ஸ் லிஸ்ட்’ படத்துக்கு ஏழு ஆஸ்கர் கிடைத்தது. ஆஸ்கருக்கே ஆஸ்கர்!

இன்னொருவர் ஆஸ்கர் ரொமேரோ. மத்திய அமெரிக்காவின் எல் சால்வடார் நாட்டுப் பேராயர். ஏழை விவசாயிகளை ராணுவம் கொல்வதை வானொலியில் பெயர் சொல்லிக் கண்டித்தவர். 1980 மார்ச் 24-ம் தேதி மருத்துவமனைச் சிற்றாலயத்தில் பூசை செய்துகொண்டிருந்தபோது சுட்டுக் கொன்றார்கள். 2018-ல் போப் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார்.

இன்று அயர்லாந்தில் ‘ஓஷீன்’ என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கப் பல சிறுவர்கள் உண்டு. இங்கிலாந்தில் அண்மைக் காலமாக ஆஸ்கர் என்ற பெயருக்கு மறுபடி மவுசு. 1895-ல் மறைக்கப்பட்ட பெயரை, அந்தக் கதை தெரிந்தும் பெற்றோர் ஆசையாக வைக்கிறார்கள்.

உங்கள் வீட்டிலும் தாத்தா, பாட்டியின் பெயரை யாராவது தாங்கிக்கொண்டிருப்பார்கள். பள்ளியில் கேலி செய்தார்கள் என்றோ, பழசாக இருக்கிறது என்றோ அதைச் சுருக்கியும் வைத்திருப்பார்கள். அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது, யார் யார் அதைச் சுமந்தார்கள் என்று பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு வையுங்கள். கதை கிடைத்தால் எங்களுக்கும் எழுதுங்கள்.

அடுத்த வாரம் இன்னொரு பெயரோடு சந்திப்போம்!